லிஃப்ட் தண்டவாளத்தில் ஓடும் மரமில்

பெங்களூரில் ஏப்ரல், மே மாதக் காற்று மழையில் சாயும் மரங்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதிதான். முதலில் கிளையைக் கழிப்பார்கள். அப்புறம் லாரியில் ஏற்ற வசதியாக அடிமரத்தை மூன்றடித் துண்டுகளாகப் போடுவார்கள். மூன்றடித் துண்டில் உருப்படியான பலகை வராது, விறகுதான். எத்தனை வருடம் நின்ற மரம், உள்ளே எவ்வளவு வைரம் பாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் யாருக்கும் கணக்கில்லை.

லிங்கராஜபுரத்தில் ஒரு பழைய வீட்டுக் காம்பவுண்டுக்குள் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம் அந்தக் கதியிலிருந்து தப்பியது. அந்த வீட்டுக்கு வாடிக்கையாகத் தச்சு வேலை பார்ப்பவர் என் மாமா. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரிலேயே தலை நரைத்தவர். "ஆசாரியாரே, இதுலயே ஒரு சாப்பாட்டு மேசை பண்ணிக் குடுங்க, வெளியில குடுக்க மனசு வரல" என்று வீட்டம்மா கேட்டதிலிருந்து கதை தொடங்குகிறது. மாமாவும், காமாட்சிபாளையாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரும் சேர்ந்து, பழைய இரும்புச் சாமான்களை வைத்து ஒரு செயின் சா மில், அதாவது சங்கிலி ரம்பத்தால் பலகை அறுக்கும் மில், கட்டினார்கள். ஃபேப்ரிகேஷன் வேலைகளுக்கு வரைபடம் போடுகிறவன் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு மில்லில் நிற்கிற பாகமெல்லாம் பழசாக இருக்கலாம், சுற்றுகிற பாகமெல்லாம் புதுசாக இருக்க வேண்டும். அங்கே வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தவை.

மரத்தை ஏன் மில்லுக்கே கொண்டுபோகவில்லை என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தார்கள். மைசூரு ரோட்டு டிம்பர் யார்டு பக்கம் விசாரித்தபோது, ஊருக்குள் நின்ற மரம் என்றதுமே தலையை ஆட்டிவிட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தெருவோர மரத்தில் ஆணி இருக்கும், கேபிள் கொக்கி இருக்கும், எப்போதோ சுற்றிய கம்பியை மரமே விழுங்கியிருக்கும். மில்லில் ஓடும் பேண்ட் சா (நாடா ரம்பம்) பிளேடு அதில் பட்டால் பல் போவதோடு நிற்காது, அறுந்து பறக்கவும் செய்யும். ஒரு தடிக்காக யார் அந்த ஆபத்தை வாங்குவார்கள்? அதோடு எடை வேறு. எட்டடி நீளம், இரண்டரை அடி குறுக்களவு உள்ள பச்சைத் தூங்குமூஞ்சித் தடி ஒரு கன மீட்டருக்கு மேல் வரும். முக்கால் டன்னுக்குக் குறையாது. காம்பவுண்டுக்குள் கிரேன் நுழைய வழியில்லை. ஆகவே மில்தான் தடியிடம் போக வேண்டும்.

உலகத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி உண்டு. ரம்பத்தின் பார் மீது, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின் மீது, ஒரு சட்டத்தை மாட்டி, அந்தச் சட்டத்தை மரத்தின் மேலேயே நகர்த்தி அறுப்பது. அலாஸ்கன் மில் என்பார்கள். மலிவு, தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அதில் ஒரு குணக்கேடு இருக்கிறது. சட்டம் முந்தின அறுப்பின் மேல் உட்கார்ந்து ஓடுகிறது. முந்தின அறுப்பு கோணலாக இருந்தால் அடுத்ததும் கோணல், அதற்கடுத்ததும் கோணல். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "தப்பு வந்தா ஒரு பலகையோட போகணும் மாப்ள, வம்சத்துக்கே வரக் கூடாது" என்றார். அதனால் தரையில் இரண்டு தண்டவாளம், நடுவில் மரம், மேலே ரம்பத்தைச் சுமந்து ஓடும் வண்டி என்று முடிவானது.

சாமான் வேட்டை ஜாலி மொஹல்லாவில். எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் போய்த் திரும்பினால், பிரித்த மோட்டார், கம்ப்ரசர், கட்டட இரும்பு என்று சந்து சந்தாகக் குஜரிக் கடைகள், அதாவது பழைய சாமான் கடைகள். அங்கேதான் இந்த மில்லின் உயிர்நாடி கிடைத்தது: பழைய லிஃப்டின் கைடு ரயில்.

பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். லிஃப்ட் பெட்டி மேலும் கீழும் போகும்போது அதை இரண்டு பக்கமும் பிடித்து நடத்துவது 'டி' வடிவத்தில் இருக்கும் ஒரு இரும்பு ரயில். சாதாரண ஆங்கிள், சேனல் போல உருட்டி அப்படியே விடுவதில்லை. அதன் நடுத் தகட்டை மெஷினில் இழைத்து வழவழப்பாக்கி, நேராக்கி அனுப்புகிறார்கள். லிஃப்டில் ஏறுகிறவர்களுக்குக் குலுங்கக் கூடாதல்லவா? ஒரு ரயில் 5 மீட்டர் நீளம். எங்களுக்குக் கிடைத்தது டி89 வகை: அடி அகலம் 89 மில்லிமீட்டர், உயரம் 62, நடுத் தகட்டின் கனம் 16, மீட்டருக்குப் பன்னிரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பழைய அடுக்குமாடியில் லிஃப்டை மாற்றும்போது இது மொத்தமாகக் கழன்று வருகிறது. கடையிலோ எடைக்கு எடை, மற்ற இரும்பின் விலைதான். இவ்வளவு நேரான இரும்பைப் புதிதாக இழைத்து வாங்கப் போனால் இந்த மில்லே வேண்டாம் என்றாகிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். கழற்றியவர்கள் மாடியிலிருந்து கீழே போட்டிருக்கிறார்களா, இறக்கியிருக்கிறார்களா? போட்டது வளைந்திருக்கும். மாமா ஒவ்வொரு ரயிலிலும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறி பார்ப்பவர் போல இழைத்த பக்கத்தோடு பார்வையை ஓட்டினார். கடைக்காரர், "ஏன் சாமி, ரயிலே ஓட்டப் போறியா?" என்று கேட்டார். ஐந்தில் இரண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் நல்லதாக ஒரு ஜோடி எடுத்தார்.

வண்டியின் சட்டம் விளம்பரப் போர்டைத் தாங்கி நின்ற சதுரக் குழாய். கனமான குழாயாகப் பார்த்து எடுத்தது, துருவைத் தேய்த்ததும் உள்ளே நல்ல இரும்பு. ரம்பத்தை ஏற்றி இறக்க இரண்டு பக்கமும் இரண்டு மரை ராடுகள். அவை ஒரே அளவு இறங்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பலகை ஒரு ஓரம் கனம், ஒரு ஓரம் மெலிவு. லேத் அண்ணன் பழைய சைக்கிள்களிலிருந்து ஒரே பல் எண்ணிக்கை உள்ள இரண்டு பெடல் சக்கரங்களை எடுத்து, ராடுகளின் தலையில் வெல்டு வைத்து, சைக்கிள் செயினால் இணைத்தார். ஒன்றைச் சுற்றினால் மற்றதும் சுற்றும்.

மரை ராடு மட்டும் புதுசு, எம்16. அதன் மரை 2 மில்லிமீட்டர், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ரம்பம் 2 மில்லிமீட்டர் இறங்கும். செயின் தூளாக்கித் தின்னும் அறுப்பின் அகலம், அதாவது வாய், 8 மில்லிமீட்டர் என்று அறுத்துப் பார்த்து அளந்தோம், அதற்கு நாலு சுற்று. மாமா இதை மனக்கணக்காக்கிவிட்டார்: வேண்டிய கனத்தில் பாதி, கூட நாலு. 50 மில்லிமீட்டர் பலகைக்கு 29 சுற்று. ஸ்கேல் ஒட்டலாம், டிஜிட்டல் மீட்டர் வைக்கலாம் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சுற்றுவதை எண்ணினால் போதும்.

சக்கரங்களில்தான் முதல் வாக்குவாதம். குஜரியில் பழைய பேரிங் கூடை கூடையாகக் கிடைக்கும். அண்ணன் ஒரு கைப்பிடி பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார், கையில் சுற்றிப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கையில் ஓடுவது வேறு, மரத்தூளும் எண்ணெயும் கலந்த சேற்றில் ஓடுவது வேறு. முதல் ஓட்டத்திலேயே ஒன்று சிக்கியது. சிக்கிய பேரிங் உருளாமல் தேய்ந்துகொண்டு போனது, வண்டி ஒரு மூலையில் இழுத்தது. அப்புறம் எல்லாம் புதுசு, இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டவை: மேலே ஓட 6204, பக்கத்தில் இழைத்த முகத்தை அணைத்து ஓட 6203. 6204 பேரிங்கின் அகலம் 14 மில்லிமீட்டர், ரயில் தகடு 16. பேரிங் ரயில் மேல் அப்படியே உட்காருகிறது, தனியாகச் சக்கரம் கடைய வேண்டியதில்லை.

இனி ரம்பம். மாமாவிடம் ஏற்கெனவே 58 சிசி சீன ரம்பம் ஒன்று இருந்தது. கிளை கழிக்க அது தாராளம். பலகை அறுக்க முடியாது என்று நான் சொன்னால் நம்பியிருக்க மாட்டார், ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொண்டார். குறுக்கே துண்டு போடுவது ஒரு நிமிட வேலை. பலகை அறுப்பது அப்படியில்லை, முழு த்ராட்டிலில் பல நிமிடங்கள் விடாமல் இழுக்க வேண்டும். அதுவும் பல் ஒவ்வொன்றும் மரத்தின் இழையைத் தலைப்பில் சந்தித்து வெட்டுகிறது. சின்ன என்ஜின் சூடேறி, வேகம் விழுந்து, கடைசியில் மூச்சை விட்டது. பலகை அறுக்க 90 சிசி பக்கம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அனுபவம்.

குடகில் காபி எஸ்டேட் ஒன்றிலிருந்து கழித்துப் போட்ட ஸ்டில் எம்எஸ் 660 ஒன்று கைமாறிக் கைமாறி வந்தது. 91.6 சிசி, புதுசாக இருந்தபோது 5.2 கிலோவாட். பிஸ்டனில் கீறல் விழுந்திருந்தது. சிலிண்டரின் உள்பூச்சு தப்பியிருந்ததால் பிஸ்டன், ரிங், கிராங்க் சீல், பெட்ரோல் குழாய் எல்லாம் புதிதாக மாற்றினார்கள். சீலை மாற்றாமல் பிஸ்டனை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பழைய சீல் வழியாகக் காற்று உள்ளே இழுத்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும். முதல் பிஸ்டன் போனதற்கே அதுதான் காரணமாக இருக்கும் என்பது அண்ணனின் கணிப்பு. வெளியே எடுத்த சீல் பிளாஸ்டிக் போல இறுகியிருந்தது.

கார்புரேட்டர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் சரியாக ஓடிய ரம்பம் இங்கே வந்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், கொஞ்சம் மந்தமாக இருக்கும். மெக்கானிக்குகள் உடனே ஸ்குரூவைத் திருகி மெலிய விடுவார்கள். கிளை கழிக்க அது சரி, பலகை அறுக்கும்போது அது கூடாது. நீண்ட நேரச் சுமையில் கொஞ்சம் கூடுதலாகப் போகும் பெட்ரோல்தான் என்ஜினைக் குளிர வைக்கிறது, அதோடு வரும் ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. கம்பெனி சொல்லும் கலவை லிட்டருக்கு 20 மில்லி ஆயில், இவர்கள் 25 போட்டார்கள். அறுப்பு முடிந்ததும் உடனே அணைக்காமல் அரை நிமிடமாவது ஐடிலில் விட்டார்கள்.

த்ராட்டிலை எப்படிப் பிடிப்பது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறவர் கை ரம்பத்தின் பிடியில் இருக்காது. கட்டுக்கம்பியால் த்ராட்டிலை இழுத்துக் கட்டிவிடுவது சுலபம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். செயின் அறுந்தால், மரம் பிளந்து பாரைக் கவ்வினால், தள்ளுகிறவர் வழுக்கி விழுந்தால் அப்போதும் ரம்பம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய ஸ்கூட்டரின் கிளட்ச் லீவரும் கேபிளும் அதற்குக் கைகொடுத்தன. லீவரை அழுத்திப் பிடித்தால்தான் வேகம், கையை எடுத்தால் ஐடில். பாரின் மூக்குப் பக்கம், அதாவது நுனியில், ஒரு தகட்டுக் கூடும் வெல்டு வைத்தோம். இந்த இரண்டும் இல்லாத மில்லுக்குப் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.

பார் 90 சென்டிமீட்டர். நீள பார் தன் எடையிலேயே நுனியில் கொஞ்சம் தொங்கும், அறுக்கும்போது அலையும். அதனால் என்ஜின் பக்கம் மட்டுமல்லாமல் மூக்குப் பக்கமும், மூக்கில் சுற்றும் பல் சக்கரத்துக்குச் சற்று முன்னால், இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்துக் கவ்வினார்கள். பாரில் துளை போடப் பார்த்து அண்ணன் இரண்டு டிரில் பிட்டை மழுக்கிவிட்டு விட்டுவிட்டார், கவ்வினாலே போதும். ரம்பத்தின் சொந்த ஆயில் பம்ப் அவ்வளவு தூரத்துக்குப் போதவில்லை, மூக்குப் பக்கம் செயின் காய்ந்து புகைந்தது. மாமாவின் மகள் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவள் கொண்டு வந்த பயன்படுத்தாத சலைன் செட் ஒன்றை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மாட்டி, சொட்டும் முனையை மூக்கருகே வைத்தார்கள். உருளையை நகர்த்திச் சொட்டை எண்ணலாம். சொட்ட வேண்டுமென்றால் ஆயிலைக் கொஞ்சம் மெலிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

செயினைப் பற்றி இரண்டு வார்த்தை. கடையில் கிடைப்பது குறுக்கு வெட்டுக்கானது, பல்லின் முகம் 30 பாகைச் சாய்வு. பலகை அறுக்க 10 பாகை வேண்டும், அப்போதுதான் பலகையின் முகம் வரி வரியாகக் கிழியாமல் வருகிறது. அந்தச் செயின் நம் கடைகளில் எளிதில் அகப்படாது. மாமா 5.2 மில்லிமீட்டர் வட்ட அரத்தை வைத்துக்கொண்டு சாதாரண செயினைப் பல் பல்லாக 10 பாகைக்கு மாற்றினார். பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேட்டைப் பல் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக விட்டார். பார்த்துக்கொண்டிருந்தால் பொறுமை போய்விடும் வேலை. பணத்தைப் பொறுத்தவரை, புது பாரும் இரண்டு செயினும் வாங்கிய தொகை குஜரியில் வாங்கிய மொத்த இரும்பைவிட அதிகம்.

ரயிலைத் தரையில் உட்கார வைக்கக் கொத்தனார்களின் டியூப் லெவல்தான். ரசமட்டம் ஒரு இடத்தைத்தான் சொல்லும், தண்ணீர் நிரம்பிய குழாய் ஐந்து மீட்டருக்கு அப்பாலும் பொய் சொல்லாது. சிமெண்டுச் செங்கலுக்கு மேல் ரயில், அடியில் தகட்டுத் துண்டுகளைச் செருகிச் சரிக்கட்டி, இரண்டு ரயிலும் எல்லா இடத்திலும் ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கும்படி செய்தார்கள். தடியைச் சாய்வுப் பலகை, கயிறு, கடப்பாரை, நாலு ஆள் வைத்து உருட்டி ஏற்றினார்கள். ஆப்பு அடித்து அசையாமல் நிறுத்தினார்கள்.

முதல் மூன்று பலகைகள் அருமை. நாலாவதில் குழப்பம். மேல் முகம் நூல் பிடித்தாற்போல் நேர், அடி முகம் ஒரு இடத்திலிருந்து மெல்ல வளைந்து மேலே ஏறியிருந்தது. மூக்குப் பக்கம் வளைவு அதிகம். ரயில் இறங்கிவிட்டது என்றார் அண்ணன். மரம் தூக்கிக்கொண்டது என்றார் மாமா. இரண்டுமே நடக்கக்கூடியவை. பச்சை மரத்துக்குள் இழுவிசை தேங்கியிருக்கும், மேலே ஒரு பட்டையை எடுத்ததும் நுனி இரண்டும் எழும்பும் அல்லது நடு எழும்பும். அதனால்தான் ஒரே பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே போகாமல் இடையில் தடியைப் புரட்டிப் போட வேண்டும்.

சண்டையைத் தீர்த்து வைத்தது ஐந்தாவது பலகை. அதன் இரண்டு முகமும் ஒரே மாதிரி வளைந்திருந்தன, கனமோ எல்லா இடத்திலும் சமம். மரம் எழும்பியிருந்தால் கனம் மாறியிருக்க வேண்டும். தண்டவாளத்தில் ஓடும் மில்லில் ஒவ்வொரு அறுப்பும் புதிதாக நேராகத் தொடங்குகிறது, மரம் அசைந்திருந்தால் அந்தப் பலகையில் மட்டும் தெரியும். கனம் மாறாமல் வளைவு மட்டும் திரும்ப வருகிறது என்றால் குற்றம் ரயிலில் அல்லது செயினில். டியூப் லெவலை மறுபடி வைத்துப் பார்த்தோம், ரயில் வைத்த இடத்தில் இருந்தது. அப்போது மிச்சம் செயின்.

வளைவு தொடங்கிய இடத்தைப் பலகையில் பார்த்தால் கறுநீலத்தில் ஒரு நீளமான கறை. மரத்தில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் மைக்கறை அது. கறையின் நடுவில் பளபளவென்று வெட்டுப்பட்ட ஆணியின் முகம். காம்பவுண்டுச் சுவரைத் தாண்டித் தெருப் பக்கம் சாய்ந்திருந்த பகுதி, எப்போதோ யாரோ அடித்த போர்டு. செயின் ஆணியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கிறது, சத்தம் என்ஜின் இரைச்சலில் கேட்கவே இல்லை. செயினைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு பக்கத்துப் பற்களின் மூலை மழுங்கியிருந்தது, மறுபக்கம் கூராகவே இருந்தது. கூர் உள்ள பக்கம் இழுக்கும், மழுங்கிய பக்கம் இழுபடும், பார் கூரான பக்கம் சாயும். எவ்வளவு நேரான ரயில் போட்டாலும் இதை ஒன்றும் செய்ய முடியாது.

அன்றிலிருந்து இரண்டு வழக்கம். வாசலில் செக்யூரிட்டிகள் வைத்திருக்கும் கைப்பிடி மெட்டல் டிடெக்டரை வாங்கி, ஒவ்வொரு அறுப்புக்கும் முன் தடியின் மேல் ஓட்டுவது. மேலோட்டமாக உள்ள ஆணியைத்தான் அது காட்டும், ஒவ்வொரு பட்டையாக எடுக்க எடுக்க அடுத்த அடுக்கு அதன் எல்லைக்குள் வருகிறது, அதனால் போதுமானதாக இருக்கிறது. இன்னொன்று, வெட்டு முகத்தில் நீலம் தலைகாட்டினால் உடனே நிறுத்திக் கீழே பார்ப்பது. உளியால் தோண்டி ஆணியைப் பிடுங்கிவிட்டுத்தான் அடுத்த அறுப்பு. மேசைப் பலகையில் அந்த நீலக்கறை அப்படியே இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். மாமாவுக்குச் சம்மதமில்லை.

இந்த மில்லால் லாபமா என்று கேட்பவர்களுக்கு வாயின் கணக்கைச் சொல்ல வேண்டும். செயின் தின்பது 8 மில்லிமீட்டர், பேண்ட் சா தின்பது இரண்டு, இரண்டரை. 60 சென்டிமீட்டர் உயரத்தில் 50 மில்லிமீட்டர் பலகை எடுத்தால் இதில் பத்து, பேண்ட் சாவில் பதினொன்று. ஒரு பலகை நஷ்டம், விறகாகப் போயிருக்க வேண்டிய மரத்தில் அது பெரிதல்ல. அதே உயரத்தில் ஒரு அங்குலப் பலகை கேட்டால் இதில் பதினெட்டு, அதில் இருபத்தொன்று. மூன்று பலகையைத் தூளாக்கி, பெட்ரோலையும் எரித்து, காதையும் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. மேசை, பெஞ்சு, படிக்கட்டு, நிலைக்கால் என்று கனமான சரக்குக்கு மட்டுமே செயின் சா மில். ஜன்னல் சட்டமும் அலமாரிப் பலகையும் வேண்டுமென்றால், இதில் கனத்த துண்டாகப் பிளந்துகொண்டு, ஆணி இல்லை என்று உறுதி செய்த பிறகு, மில்லில் கொடுத்து மெலிதாக அறுத்துக்கொள்வது நல்லது.

அக்கம்பக்கத்தில் சத்தத்துக்குப் புகார் வந்தது, வராமல் இருக்குமா? ரம்பத்தின் அருகில் 100 டெசிபலைத் தாண்டும், 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் எல்லை 55. முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லிவிட்டு, மத்தியானத்துக்கு முன் சில மணி நேரம் மட்டும் ஓட்டி முடித்தார்கள்.

சட்டம் அதைவிடப் பெரிய விஷயம், இதில் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சொந்த இடத்து மரமானாலும் வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். நீலகிரி, சவுக்கு, சில்வர் ஓக், சுபாபுல், தென்னை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, தூங்குமூஞ்சிக்கு இல்லை. சாய்ந்த மரம்தானே என்று விட்டுவிடாமல், படம் எடுத்து எழுதிக் கொடுத்துத் தாளை வாங்கி வைத்துக்கொண்டுதான் வீட்டம்மா வேலையைத் தொடங்கச் சொன்னார். வெட்ட அனுமதி ஒன்று, மில் நடத்த உரிமம் வேறு. 1996 டிசம்பரில், காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்தே நாடு முழுக்க மரமில்கள் மேல் கண்காணிப்பு இறுகியது. இயந்திரத்தால் மரம் அறுத்துக் கூலி வாங்கத் தொடங்கினால், அது செங்கல் மேல் நின்றாலும் மில்தான். வேலையைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு மரத்தையும் அறுத்துக் குடுங்க, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. மாமாவுக்குக் கை துறுதுறுத்தது. உரிமம் இல்லாமல் வேண்டாம் என்று நான் பிடித்துக்கொண்டேன், அண்ணன் என் பக்கம் நின்றதால் நிலைத்தது.

அறுத்த பலகைகளை உடனே மேசையாக்க முடியாது. இரண்டு தலைப்பிலும் மிச்ச எனாமல் பெயிண்டைக் கனமாகப் பூசினார்கள், ஈரம் தலைப்பு வழியாக வேகமாகப் போனால் வெடிப்பு விடும். போரிக் ஆசிட், போராக்ஸ் கரைசலைத் தடவினார்கள், வெளிர் மரத்தில் பூச்சி சீக்கிரம் விழும். அடுக்குகளுக்கு நடுவில் ஒரே நேர்கோட்டில் ரீப்பர் வைத்து, நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றினார்கள். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. இரண்டங்குலப் பலகைக்கு வீட்டம்மா காத்திருக்கத்தான் வேண்டும். தூங்குமூஞ்சித் தூள் மூக்கையும் கண்ணையும் அரிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, முகமூடி வேண்டும்.

இப்போது அண்ணனுக்கு அடுத்த ஆசை வந்திருக்கிறது. பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு, ஒரு பழைய மாவு மில்லின் மூன்று பேஸ் மோட்டாரை அதே வண்டியில் ஏற்ற வேண்டும், சத்தமும் புகையும் குறையும் என்கிறார். குறையும்தான். ஆனால் செயினுக்கு வேகம் வேண்டும். ஏழு பல் சக்கரத்தில் 9,500 சுற்றில் ஓடும் ரம்பத்தில் செயின் நொடிக்கு சுமார் 21 மீட்டர் ஓடுகிறது. 2,880 சுற்று மோட்டாரில் எட்டுப் பல் சக்கரத்தை நேராக மாட்டினால் 7 மீட்டர்தான் வரும், கிட்டத்தட்ட மூன்று மடங்கு கூட்ட பெல்ட் புல்லி வேண்டும். அந்த வேகத்தில் சுற்றும் புல்லியைக் குஜரியில் வாங்கக் கூடாது, புதிதாகக் கடைந்து பேலன்ஸ் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "உனக்கு எதை எடுத்தாலும் புதுசு" என்கிறார் அண்ணன். மோட்டார் பட்டறையில் கிடக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், லிங்கராஜபுரத்து வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ் இணைப்பு.